அவள் ஒப்புக்கொடுத்தது

தென்காசி பஜாரில் நான் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தேன். சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் என்னிடம் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் நனைந்த துண்டும் எண்ணெய்த் தலையுமாகத் திரும்பி வருவார்கள். அந்த இரண்டு மூன்று மாதம் கை ஒழியாது. மற்ற நாட்களில் பஞ்சர் ஒட்டுவதுதான் பிழைப்பு.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அப்படி இருக்கையில்தான் என் மனைவியின் தங்கை பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தை. அதன் தகப்பன் புனலூர்ப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து என் மனைவியின் மடியில் வைத்தான்.

“மைனி, இனி நீங்கதான் இவளுக்கு அம்மை” என்றான்.

சபையில் ஞானஸ்நானத்துக்கு நாங்கள்தான் கொண்டுபோனோம். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் குழந்தையை வாங்க என் மனைவியிடம் கை நீட்டியபோது அவள் உடனே கொடுக்கவில்லை. ஐயர் சிரித்தார். “திரும்பத் தந்திருவேன் அம்மா” என்றார். கோயிலில் எல்லாரும் சிரித்தார்கள்.

குழந்தை என்னை அப்பா என்றும் என் மனைவியை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். கடையில் நிற்கும் சைக்கிள்களின் கம்பிகளைப் பிடித்துத்தான் நடை பழகினாள். கொஞ்சம் வளர்ந்ததும் முன்பக்கத்து பாரில் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்துக் குற்றாலம் கூட்டிப் போவேன். அருவிச் சத்தம் கேட்டால் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். குளிக்கமாட்டாள். கடைத்தெருவில் மங்குஸ்தான் வாங்கித் தந்தால் போதும். அவள் சட்டையில் விழுந்த அந்தக் கறைகளை என் மனைவி எவ்வளவு தேய்த்தும் போக்க முடிந்ததில்லை.

செங்கோட்டை மலையாளச் சீமையை விட்டு நம் பக்கம் சேர்ந்த சமயம் அது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷச் சாரலில் குற்றாலத்தில் ஓலைப்பந்தல் போட்டு உயிர்மீட்சிக் கூட்டம் நடத்தினார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். மழை ஓலையில் விழுகிற சத்தத்தில் அவர் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. தன் மகனைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போன தகப்பனைப் பற்றித்தான் பேசினார் என்பது மட்டும் புரிந்தது. கடைசியில் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்.

“உங்களுக்கு எது ரொம்ப அருமையோ, அதக் கர்த்தர் கையில ஒப்புக்கொடுங்க. ஒப்புக்கொடுத்தவங்க கையைத் தூக்குங்க” என்றார்.

என் மடியில் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கவில்லை. கண்ணையும் முழுசாக மூடவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி கையைத் தூக்கியிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

“என்னத்தட்டி ஒப்புக்கொடுத்த?”

“அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. நீங்க எதுக்குக் கண்ணத் திறந்திய?” என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சாரல் ஓயும் முன்னே பிள்ளையின் தகப்பன் வந்துவிட்டான். கூடவே அவனுடைய புது மனைவியும் வந்திருந்தாள். அவர்களுக்குக் கல்யாணமானது எங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தோம். நேந்திரங்காய் வறுவலும் பிள்ளைக்கு ஒரு கவுனும் கொண்டுவந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு அவன் பேச்சை எடுத்தான்.

“அண்ணாச்சி, பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். இப்பம் வீட்ல ஆளு இருக்கு. பெத்தவன் இருக்கையில பிள்ளை அங்கன இங்கன வளருதுன்னு நாலு பேரு பேசுதாவ.”

“அங்கன இங்கனயா? இது அவ வீடுலே” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பேன். அதற்குள் என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். அவள் கையில் ஈரம் இருந்தது.

“அவரு பிள்ளைய அவரு கேக்காரு. நாம என்ன சொல்லிர முடியும்?” என்றாள்.

குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. எனக்கு அப்போதுதான் பந்தலில் தூக்கிய அந்தக் கை ஞாபகம் வந்தது. இவள் அன்றைக்கே பிள்ளையைக் கொடுத்துவிட்டாள், கடவுள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவளைக் கேட்கவும் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மறுநாள் ஐயரைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டு முன்னால் மரமல்லிப் பூவைக் கூட்டிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அவ கையத் தூக்குனா. ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு. அப்படித்தானே ஐயரே? அவ சும்மா இருந்திருந்தா பிள்ளை இருந்திருக்கும்லா?”

ஐயர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க. அவரு அப்படிப்பட்டவரு இல்ல” என்றார். பிறகு, “நானும் அந்த மலைக் கதையை எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருக்கேன். ஒப்புக்கொடுக்கணும்னு சொல்லுதோம். ஆனா ஒப்புக்கொடுக்கதுக்கும் பறிகொடுக்கதுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்க கேட்டா, எனக்கே சரியாச் சொல்ல வரல” என்றார்.

இருவரும் முழங்கால் போட்டு ஜெபித்தோம். உம்முடைய சித்தப்படி ஆகட்டும் என்றும் பிள்ளையை எங்களிடமே விட்டுவிடும் என்றும் ஒரே ஜெபத்தில் கேட்டேன். ஐயர் இரண்டுக்கும் ஆமென் சொன்னார்.

பிள்ளையை அனுப்புகிற அன்று என் மனைவி அவளுக்குத் தலைசீவி ரிப்பன் கட்டினாள். பெட்டியில் துணிகளை அடுக்கினாள். பிள்ளை ஏதோ விருந்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எப்பா, வழியில குகை வரும்லா? நான் கண்ண மூடிக்கிடுவேன்” என்றாள். செங்கோட்டை தாண்டினால் மலைக்குள் ரயில் போகும். அதைச் சொன்னாள். ரயில் நகர்ந்தபோது எங்களையும் ஏறச்சொல்லிக் கையைக் காட்டினாள். நாங்கள் ஏறவில்லை என்று அவளுக்குப் புரிந்ததா இல்லையா, நான் பார்க்கவில்லை. திரும்பிக்கொண்டேன். என் மனைவி கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் இருந்த இருப்பு எனக்கு விளங்கவே இல்லை. அழவில்லை. விடிந்ததும் வாசல் தெளித்தாள், சோறு ஆக்கினாள், பெண்கள் கூட்டத்துக்குப் போனாள். அவளுடைய விசுவாசத்தைப் பற்றிச் சபையில் பெருமையாகப் பேசினார்கள். எனக்குத்தான் கோயிலுக்குப் போகக் கால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேதத்தை எடுத்து அந்த மலைக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கத்தியை ஓங்கியபோது வெட்டாதே என்று வானத்திலிருந்து குரல் கேட்க, அந்தத் தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டான். எனக்கு அதில்தான் சிக்கல். வெட்டாதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. அல்லது இன்னும் சொல்லவில்லையா?

சில மாதம் கழித்து எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் கடைக்கு வந்தார். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, ஒரு நடை வந்து பார்த்துப் போகும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் உடனே வீட்டுக்கு ஓடினேன்.

“கிளம்பு. ரெண்டு பேருமாப் போவோம்” என்றேன்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வரல.”

“பிள்ளை சாப்பிட மாட்டேங்காளாம். உனக்கு நெஞ்சு என்ன கல்லாட்டி?”

“நான் வந்தா தூக்கிட்டு வந்திருவேன்” என்றாள்.

தனியாகப் போனேன். எஸ்டேட் வீடு ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. பிள்ளை என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு மெல்ல வந்து என் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்த்தாள். மிட்டாய் இருந்தது. மடியில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு என் கையால் நன்றாகவே சாப்பிட்டாள்.

அந்தப் புது மனைவி செங்கோட்டைக்கு அந்தப்புறம் வளர்ந்தவள். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். அவள் நல்லவளாக இல்லாமல் போயிருந்தால் எனக்கு எல்லாம் சுலபமாக இருந்திருக்கும். அவளோ பிள்ளைக்குக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

“மோளு உங்க ரெண்டு பேரையும் கேட்டு ஏங்குது அண்ணாச்சி. என்னால பாத்துட்டு இருக்க முடியல. நீங்க கூட்டிட்டுப் போங்க. எனக்குச் சங்கடம் உண்டு. ஆனாலும் கூட்டிட்டுப் போங்க.”

பிள்ளையின் தகப்பன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். “நான் கேட்டதே தப்போ என்னவோ. கொண்டு போங்க” என்றான்.

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் ஜெபித்தேன்? பிள்ளையிடம் கேட்டேன்.

“அப்பா கூட வாரியாட்டி?”

“வாரேன்” என்றாள். உடனே அந்தப் பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அம்மையும் வருமா?” என்றாள்.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வயிறு தெரிகிற மாதம்.

நான் வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். மரங்களில் கட்டிய சிரட்டைகளில் ரப்பர்ப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. மலையில் அந்தத் தகப்பனுக்குக் கேட்ட குரல் இதுதானா? இல்லை, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க எனக்கு ஒரு சாக்கா? எவ்வளவோ நேரம் நின்றும் தெளியவில்லை. உள்ளே போய், “கொஞ்ச நாள் போகட்டும், பழகிருவா. அடிக்கடி வந்து பாக்கேன்” என்று சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்ததை நானே ஆச்சரியமாகக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அன்பு என்று சொல்லலாம். தைரியமில்லை என்றும் சொல்லலாம். கிளம்பும்போது பிள்ளை கை நிறைய ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கித் தந்து, “அம்மாட்ட குடு” என்றாள்.

தென்காசியில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் என் மனைவி நின்றாள். நான் எந்த ரயிலில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. காலையிலிருந்தே அங்கே இருந்திருக்கிறாள். கையில் தூக்குவாளி. எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தாள். ரயில் கிளம்பிப் போன பிறகும் பார்த்தாள்.

“சாப்பிட்டாளா?” என்றாள்.

“சாப்பிட்டா. கூட்டிட்டுப் போகச் சொன்னாவ. நான்தான்...”

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ரப்பர்க் கொட்டைகளை அவள் மடியில் போட்டேன். அப்போதுதான் அழுதாள். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாள் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

“நீதானே அன்னைக்குப் பந்தல்ல அவள ஒப்புக்கொடுத்த? இப்பம் எதுக்கு அழுத?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்வது அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அவளையா? அவள எதுக்கு நான் ஒப்புக்கொடுக்கப் போறேன்? எனக்குன்னு ஒரு பிள்ளை வேணும் வேணும்னு அழுதுட்டே கிடந்தேம்லா, அந்த ஆசையத்தான் குடுத்தேன். இவ இருக்கா, எனக்கு இவ போதும் ஆண்டவரேன்னு சொல்லித்தான் கையத் தூக்குனேன்.”

தூக்குவாளியை அவள் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தில் வைத்தேன்.

“அவரு கேட்டு வந்தப்பம் எனக்கு ஒண்ணுமே விளங்கல. நான் தப்பாச் சொல்லிட்டேனா, ஆண்டவரு தப்பாக் கேட்டுட்டாரா? பெத்தவரு கேக்காரு, குடுக்கதுதான் முறைன்னு குடுத்தேன். அதுல விசுவாசமும் இல்ல ஒண்ணும் இல்ல” என்றாள்.

பிறகு தூக்குவாளியைத் திறந்தோம். இட்லி. பிள்ளைக்குப் பிடித்த மாதிரி சீனி தூவி வைத்திருந்தாள். இருவரும் ஸ்டேஷனிலேயே சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். மனம் தெளிந்து போகவில்லை. மனைவியைத் தனியாக அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். பிள்ளையை லீவில் கூட்டி வருவோம். அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். மலையாளம் பேசப் பழகினாள். எங்களை அப்பா அம்மா என்றும் அவர்களை அச்சன் அம்மை என்றும் சொன்னாள். அவளுக்கு அதில் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு இல்லை என்று அவளை எங்களிடமே படிக்க அனுப்பினார்கள். வளர்ந்திருந்தாள். என் சைக்கிளை எடுத்து அவளே ஓட்டினாள். சபையில் எல்லாருக்கும் சந்தோஷம். அதற்குள் வேறு ஐயர் வந்திருந்தார். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கிற அறுப்பின் பண்டிகையில் என் மனைவி சாட்சி சொல்லவேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார்.

“கொடுத்தீங்க, ஆண்டவர் திருப்பித் தந்துட்டாரே. அதைச் சபையில சொல்லணும் அம்மா” என்றார்.

“திருப்பித் தரல ஐயரே. படிக்க வந்திருக்கா” என்றாள் என் மனைவி.

ஐயருக்கு வருத்தம்தான். பண்டிகை அன்று மற்றவர்கள் சாட்சி சொன்னார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு நடந்து வரும்போது பிள்ளை கேட்டாள்.

“எம்மா, ஏன் எந்திச்சுப் பேசல? நான் வந்ததச் சொல்லியிருக்கலாம்லா?”

“வந்ததச் சொன்னா, போனதையும் சொல்லணும்லாட்டி. அது எனக்குச் சொல்லத் தெரியாது.”

“அச்சன் கூப்பிட்டா நான் இனியும் போவேன்” என்றாள் பிள்ளை.

“போவ. தெரியும்” என்று சொல்லி, என் மனைவி அவள் தாவணியில் ஒட்டியிருந்த கதிர்ப் பதரைத் தட்டிவிட்டாள்.

நான் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஆராதனையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிறோம் என்று சபையார் சேர்ந்து சொல்லும் இடத்தில் அன்றும் என் வாய் அசைந்தது. அந்த வார்த்தைக்கு என் மனைவிக்குத் தெரிந்த அளவு அர்த்தம் எனக்குத் தெரியாது. தனக்கும் தெரியாது என்றுதான் அவள் சொல்லுகிறாள்.