ஏகாம்பரம் மீது தவறில்லை

கோவளத்தில் பேருந்துக்காக நின்றபோது கைப்பேசியில் செய்தி வந்தது. 'நம் கல்லூரியின் அர்ப்பணிப்பு மிக்க ஊழியர் ஏகாம்பரம் மறைந்தார். ஈடுசெய்ய முடியாத இழப்பு.' அனுப்பியவர் கணினித் துறைத் தலைவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏகாம்பரத்தின் பெயரைக் கெடுத்தவரும் அவரே. எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் தணியவில்லை.

ஏகாம்பரத்தோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் அங்கே கணினி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர், நான் வயர்மேனாக இருந்தவன். எங்கள் இருவருக்கும் பட்டம் கிடையாது. கையைச் சுட்டுக்கொண்டு கற்றவர்கள்.

ஆய்வகக் கட்டடத்தில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஐந்து நெட்வொர்க் சுவிட்சுகள் ஒரே ரேக்கில் இருந்தன. சின்ன மாற்றத்துக்கும் ஐந்திலும் தனித்தனியாக நுழைந்து அமைப்பை மாற்ற வேண்டும். ஒரு விடுமுறை நாளில் ஏகாம்பரம் அவற்றைக் கேபிளால் பிணைத்து ஒரே ஸ்டாக் ஆக்கினார். ஒன்று தலை, மற்றவை அதன் பேச்சைக் கேட்கும். "அஞ்சு பேருக்கும் அஞ்சு வாட்டி சொல்லிக்கினு இருந்தா பேஜாருண்ணே. ஒர்த்தன்கிட்ட சொல்லு, மத்தவன் கேட்டுக்குவான்" என்றார்.

ரேக் கதவில் அவரே எழுதி ஒட்டியிருந்தார்: 'புதியதைப் பவரை நிறுத்திச் சேர்க்கவும்.' ஏன் என்று கேட்டேன். "முழிச்சிக்கினு வர்றவன் நான்தான் தலைன்னு மல்லுக்கு நிப்பாண்ணே. தூங்கிக்கினு இருக்கும்போதே சேத்துடு. எழுந்தா வூட்டு ஆளாயிடுவான்."

செய்முறைத் தேர்வு நாளன்று ஏகாம்பரம் விடுப்பில் இருந்தார். துறைத் தலைவர் ஆறாவது சுவிட்சை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாக்கில் சேர்க்கப் போனார். "சார், பவர நிறுத்திடுங்க, கதவுல எழுதி கீது பாருங்க" என்றேன். "பெரியவரே, நீங்க ஒயரப் புடிங்க, போதும்" என்றார். சேர்த்தார். புதியது தலையாகிவிட்டது. பழைய ஐந்தும் அணைந்து எழுந்தன. புதியதன் வெற்று அமைப்பையே தமதாக்கிக்கொண்டன. ஆய்வகங்கள் முடங்கின. தேர்வு நின்றது.

அறிக்கை எழுதியவரும் அவரே: 'ஏகாம்பரம் அமைத்த ஸ்டாக்கில் இருந்த குறையே காரணம்.' பார்த்ததை நான் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தொழில்நுட்பத் தகுதி இல்லையென்று திருப்பிக் கொடுத்தார்கள். கண் தெரிவதற்கு எந்தப் பட்டம் வேண்டும்?

அறிக்கையை ஒப்புக்கொண்டு கையெழுத்திடச் சொன்னபோது ஏகாம்பரம் பேனாவைத் தொடவில்லை. "நான் கட்டினத ஒர்த்தர் ஒடைச்சிட்டு, நானே ஒடைச்சேன்னு எழுதச் சொல்றீங்க. இன்னா சார் நாயம் இது?" அதற்குப் பிறகு அவரை விடுதிக் கேமராக்களுக்கு மாற்றினார்கள். ரேக் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

இரங்கல் செய்தி வந்த அன்றே ஊரப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கல்லூரியிலிருந்து பெரிய மாலை வந்திருந்தது. அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "அண்ணே, நீங்க பக்கத்துல இருந்தவரு. நெசமாவே அவரு மேலதான் தப்பா? கேட்டா வாயே தொறக்க மாட்டாரு."

"இல்லம்மா. அவரு கட்டினது சரியாதான் இருந்துச்சு. கெடுத்தது வேற ஆளு. நான் கண்ணால பாத்தேன்."

அவர் உள்ளே போய் அந்த அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரங்கல் செய்தி அனுப்பியவர் முதலில் இந்த அறிக்கையைத் திரும்பப் பெறட்டும். அதுவரை நகல் என்னிடம் இருக்கும். அதன் கடைசி வரியில் ஏகாம்பரத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. பெயருக்கு மேலே கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.