சாமத்திய வீட்டுப் படம்

மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று அதிபர் கோல் எடுத்துச் சொன்னபோது, வெயில் குத்தியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அம்மா, பிள்ளை சாப்பிடுறேல்லை. கனநாளாச் சாப்பிடுறேல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடிய எழும்பிப் புட்டவித்துக் கட்டிக்கொடுக்கிறவள் நான். "ஒவ்வொரு நாளும் குடுத்துவிடுறனான் டொக்டர்!" என்றேன். கட்டிலில் கிடந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாறு வயதுப் பிள்ளையின் தோள்மூட்டு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தினமும் பார்க்கிற தோள்தானே, எப்படிக் காணாமல் விட்டேன்?

போன்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அதில் வந்து ஆடுகிற மெல்லிய பெட்டைகளைப் பார்த்துத்தான் இவள் கெட்டாள். அவள் கண்ணயர்ந்ததும் போனைத் திறந்து பார்த்தேன். ஒரு நடிகையும் இல்லை. நூறு படமாவது இருக்கும், எல்லாம் அவளேதான். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் அன்றன்றைக்கு எடுத்த முகம், மறுபக்கம் அவள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டுப் படம்.

மூன்று வருடத்துக்கு முன், சடங்கு முடிந்து அல்பம் செய்யக் கொடுத்தபோது, ஸ்ரூடியோக்காரரிடம் நான்தான் மெல்லச் சொன்னேன்: "தம்பி, கனடாவில சொந்தக்காரர் எல்லாரும் பாக்கிற படம். கொஞ்சம் நிறமாக்கி, கன்னத்தையும் இடுப்பையும் மெலிவாக்கி விடும்." காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் அந்தக் காக்கையிலும் கேடுகெட்டவள்.

மறுநாள் மடத்துவெளியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினேன். ஹோல் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்த அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இது நீ இல்லையடி பிள்ளை. நான் சொல்லித்தான் மாத்தினவை," என்று அழுதேன்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும் அம்மா. அல்பம் வந்த அண்டைக்கே தெரியும்," என்றாள். பிறகு ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதேங்கோ அம்மா. இன்னும் கொஞ்சம்தான். கிட்ட வந்திட்டன்."