இழுவை வண்டி லொரீன்

சாலையோரம் செத்துக் கிடக்கும் காரை நெருங்கியதும் லொரீன் ஹட்ஸ்பெத் முதலில் பார்ப்பது சக்கரத்தையோ இன்ஜினையோ அல்ல, பின்பக்க பம்பரை. அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்து முடித்த பிறகுதான் தன் இழுவை வண்டியிலிருந்து இறங்குவாள். நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளில் யானைச் சின்னக் கட்சியா, கழுதைச் சின்னக் கட்சியா, இல்லை 'என் பிள்ளை வகுப்பில் முதல்' ரகமா என்று தெரிந்துவிட்டால், வழி நெடுக எந்தப் பக்கம் நின்று சண்டை போடுவது என்று முடிவு செய்துகொள்ளலாம். யானைக்காரர் என்றால் அன்றைக்கு இவள் கழுதை. கழுதைக்காரர் என்றால் யானை. எதுவுமே ஒட்டாத கார் அகப்பட்டால்தான் அவளுக்குச் சப்பென்று போய்விடும்.

"ரெண்டு பயலும் ஒண்ணுதான் வாத்தியாரே," என்பாள் என்னிடம். "பேட்டரி போச்சுன்னா யானையும் அழுவுது, கழுதையும் அழுவுது. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா எது எதுன்னே தெரியாது."

நான் வாத்தியார் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எதிர்வீட்டில் இருக்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன். அவளுக்கு அது போதும்.

டேட்டன் நகரத்துக்கு வடக்கே இருக்கிற எங்கள் கார்வர்வில் ஊரில் லொரீனின் வண்டியில் ஒரு தடவையாவது ஏறாதவர்கள் குறைவு. அறுபதை நெருங்கும் வயது. நெடுநெடுவென்ற உயரம். நரைத்த பின்னலை ஆரஞ்சு நிற ஜாக்கெட்டின் காலருக்குள் திணித்திருப்பாள். ஒரு கையில் சின்ன வாளி அளவுக்குக் காபி. வாய் நிறைய சூரியகாந்தி விதை. ஓட்டைத் துப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள், அதனால் அவள் துப்பினாலே பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

மின்சாரக் கார்களில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "மூச்சுக் காட்டாம நின்னுபோவுது. வண்டின்னா சாவறதுக்கு முன்னாடி ரெண்டு இருமல் இருமணும்." ஆனால் அதைவிட ஆகாதவர்கள் பெரிய பெரிய ட்ரக் வாங்கி வைத்திருக்கும் ஆண்கள். "அடுத்த தெருவுல ஒருத்தன். ஏணி வெச்சுத்தான் ஏறணும். வாங்கின நாள்லேருந்து பின்னாடி ஒரு முட்டக்கோஸ் ஏறினதில்ல. மழை வந்தா ஓடியாந்து உள்ள நிறுத்தறான். அதுக்குச் சளி புடிச்சுக்கும் போல."

வேலை பற்றியும் தீர்மானமான கருத்து உண்டு. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு இளப்பம். "மேல சட்டை, கீழ ஜட்டி. பாதி மனுஷன்தான் ஆபீஸ் போறான், சம்பளம் மட்டும் முழுசா வருது." நானும் வாரத்தில் இரண்டு நாள் அப்படித்தான் என்று ஒருமுறை சொன்னேன். "தெரியும். ஜன்னல் வழியா பாத்திருக்கேன். உனக்கு மேல இருக்கற சட்டையும் சரியில்ல," என்றாள். அவளுடையது சொந்த வண்டி, சொந்தத் தொழில். "மொதலாளியும் நான், வேலைக்காரியும் நான். ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்கு ஆகாது."

வீடு என்றால் அவளுக்கு ஒரே இலக்கணம்தான். "நாலு பக்கமும் சுத்தி வந்து ஒண்ணுக்குப் போக எடம் இருக்கணும். நாயைச் சொன்னேன், நீ என்ன நெனச்சே." அவளிடம் நாய் கிடையாது.

இருப்பது ஒரு மகள். ஷெல்பி. முப்பத்திரண்டு வயது. ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மணவிலக்கு ஆனதும் "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேம்மா" என்று வந்தவள், நான்கு கிறிஸ்துமஸ் கண்டுவிட்டாள். வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில், துணி உலர்த்தும் எந்திரத்தின் பக்கத்தில் அவள் கட்டில் கிடந்தது. "சம்பாதிக்கிற பொண்ணு, என் காலை ஆகாரத்தைத் தின்னுட்டு வெறும் டப்பாவைத் திரும்ப அலமாரியிலயே வெக்கிறா," என்று லொரீன் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் அந்த நாட்களில் மாலையானால் இருவரும் ஒரே சோபாவில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு, வீடு தேடுகிறவர்களைக் காட்டும் டிவி நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். "சமையலறை சின்னதாம் இந்த மகாராணிக்கு" என்று லொரீன் திட்டுவதும் ஷெல்பி சிரிப்பதும் என் வீடு வரைக்கும் கேட்கும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய மளிகை அங்காடி மூடிக் கிடந்தது. அதை இடித்துவிட்டு நான்கு மாடி வாடகைக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஊர் இரண்டாகப் பிளந்தது. 'அடுக்குமாடி வேண்டாம்' என்ற பலகையைத் தெருவிலேயே முதலில் தன் புல்தரையில் அடித்து நட்டவள் லொரீன். "அத்தனை பேரும் காரை எங்க நிறுத்துவான்? என் தலைமேலயா?" அப்போதெல்லாம் ஷெல்பி அந்தப் பலகையைச் சுற்றி வந்து வேலைக்குப் போவாள்.

நகர்மன்றத்தில் இடம் போதாமல் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கில் வைத்தார்கள். பேச விரும்புகிறவருக்கு மூன்று நிமிடம், முடிந்ததும் சிவப்பு விளக்கு எரியும். எதிர்ப்பாளர்களின் தலைவர் மெர்ல் டங்கன், வீடு விற்றுக் கொடுக்கும் தரகராக இருந்து ஓய்வு பெற்றவர், முதலில் பேசினார். "வாடகைக்கு வர்றவங்க எப்படிப்பட்டவங்கன்னு நமக்குத் தெரியும். இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. ஊர் மேல என்ன அக்கறை இருக்கப் போவுது?" பலத்த கைதட்டல். லொரீனும் தட்டினாள்.

அடுத்து "ஷெல்பி ஹட்ஸ்பெத்" என்று கூப்பிட்டார்கள். லொரீன் தன்னைத்தான் தப்பாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து மருத்துவமனைச் சீருடையோடு மகள் நடந்து வந்தாள்.

"நான் ஓக் தெருவுல எங்கம்மா வீட்டு நிலவறையில இருக்கேன்," என்றாள். "என் தலையணைக்கும் துணி உலர்த்தற மெஷினுக்கும் நடுவுல ஒரு முழம்தான். அது ஓடுச்சுன்னா ஹெலிகாப்டர்ல போற மாதிரி கனவு வருது. இங்க உக்காந்திருக்கற பாதிப் பேருக்குப் படம் எடுத்தது நான்தான். உங்க எலும்பெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஊர்லயே இருக்கணும்னு ஆசைப்படறேன், இருக்கறதுக்குத்தான் எடம் கெடைக்கல. எங்கம்மா நல்லவங்க. ஆனா எனக்குன்னு பூட்டிக்க ஒரு கதவு வேணும்."

யாரும் கைதட்டவில்லை. மெர்ல் பக்கத்தில் இருந்தவரிடம்தான் சொன்னார். ஆனால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே முணுமுணுப்பும் முழக்கம்தான். "கல்யாணத்தைக் காப்பாத்திக்கத் தெரியாதவங்களுக்கெல்லாம் ஊரு வீடு கட்டிக் குடுக்கணுமா?"

அடுத்த பெயர் லொரீனுடையது.

போய் நின்றாள். வாயிலிருந்த விதையை விழுங்கிவிட்டாள் போலிருக்கிறது, துப்பவில்லை. எழுதிக் கொண்டுவந்த தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

"எதிர்த்துப் பேசணும்னு வந்தேன். மெர்ல், எழுந்திருக்காதே, உக்காந்தே கேளு. உன் காரை நான் மூணு தடவ கட்டி இழுத்திருக்கேன். எந்த வீட்டு வாசல்லேருந்து இழுத்தேன்னு இங்க சொல்லணுமா, வேணாமா? பக்கத்துல உன் பொண்டாட்டி இருக்கா. அவளைக் கேட்டுச் சொல்லு, நான் நிக்கறேன்."

மெர்லின் மனைவி தன் முகத்தை மெதுவாகக் கணவர் பக்கம் திருப்பினாள். அந்தக் கூட்டத்தில் நான் கண்ட மிகச் சிறந்த காட்சி அதுதான்.

சிரிப்பு அடங்கும்வரை லொரீன் காத்திருந்தாள். "வாடகைக்காரனையும் இழுத்திருக்கேன், வீட்டுக்காரனையும் இழுத்திருக்கேன். பள்ளத்துல விழறதுல ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் நான் பாக்கல. அந்தக் கட்டடம் அசிங்கமாத்தான் இருக்கும். படம் பாத்தேன், செருப்பு டப்பா. கார் நிறுத்த எடம் பத்தாது. கண்ட எடத்துல நிறுத்துவான், இழுக்கறதுக்கு என்னைத்தான் கூப்பிடுவான். சரி, கட்டித் தொலைங்க. செவுத்தை மட்டும் கனமா வைங்க. என் பொண்ணு குறட்டை விடுவா."

"நீதாம்மா விடுவே," என்றது பின்வரிசை. சிவப்பு விளக்கு எரிந்தது.

நகர்மன்ற உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் குடியிருப்புக்கு அனுமதி கிடைத்தது. வெளியே வண்டிகளுக்கு நடுவில் தாயும் மகளும் மோதிக்கொண்டதை நான் கேட்டேன், நானும் அங்கேதான் காரை நிறுத்தியிருந்தேன்.

"பேசணும்னா சமையலறையில பேசறது. ஊரைக் கூட்டி மைக் வெச்சுத்தான் பேசுவியா?"

"சமையலறையில என்னை நீ எப்ப பேச விட்டே?"

இருவரும் தனித்தனி வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் முழுக்க டிவி சத்தம் கேட்கவில்லை. அடுத்த வாரம், "யாருடி அந்தச் சமையலறைக்குக் கறுப்புச் சாயம் அடிச்சவன்?" என்று லொரீன் கத்தியது கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

புல்தரையில் இருந்த பலகையைப் பிடுங்கி, வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றும்போது முதுகுக்குப் போட்டுக்கொள்ள வைத்துக்கொண்டாள். "கட்சி மாறிட்டியே," என்று சீண்டினேன். "நான் எங்க மாறினேன்? மெர்ல் எதைச் சொல்றானோ அதுக்கு எதிர். அதுதான் என் கட்சி," என்றாள். கட்டடம் எழும்பிய காலத்தில் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். செங்கல் நிறம் சரியில்லை, ஜன்னல் கோணல், படிக்கட்டு யானைக்கா கட்டறான் என்று தினமும் ஒரு குறை கொண்டுவருவாள்.

போன இலையுதிர் காலத்தில் ஷெல்பிக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. குடிபோகிற நாளன்று வாடகை லாரி பேசப் போனவளை லொரீன் மடக்கிவிட்டாள். "இழுவை வண்டிக்காரி பொண்ணு அடுத்தவன் வண்டியில போவியா? ஊரு சிரிக்கும்." கட்டில், மெத்தை, சோபா, விளக்கு எல்லாவற்றையும் வண்டியின் பின்னால் கார்களை ஏற்றும் தட்டில் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டினாள். மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டாள். கூப்பிடு தூரம்தான். பின்னால் நான் தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், வண்டியை இரண்டு முறை முந்திவிட்டேன்.

"நடந்தே போயிருக்கலாம்மா," என்றாள் ஷெல்பி, வண்டிக்குள்ளிருந்து.

"சாமான் அலுங்கக் கூடாது. வாயை மூடிட்டு உக்காரு."

வாசலில் நிறுத்தியதும் ஷெல்பி சாவியோடு மேலே ஓடினாள். லொரீன் பட்டைகளை அவிழ்க்கப் போனாள். நெடுஞ்சாலையில், கொட்டும் மழையில், லாரிகள் உரசிப் போகும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் அவள் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதல் பட்டையை அவிழ்த்துவிட்டு, அதைக் கையில் சுருட்டியபடி நின்றாள்.

மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. "அம்மா, மெத்தையை மொதல்ல இறக்கு."

"இதோ," என்றாள் லொரீன். கையிலிருந்த பட்டையை மெத்தைக்குக் குறுக்கே மறுபடியும் வீசி, அந்தப் பக்கம் போய்க் கொக்கியில் மாட்டி, இறுக்கினாள்.