மாகாணத்துக்குத் தந்த பிள்ளைகள்

பொலிஸ் நிலையத்து வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த அம்மா முதலில் செய்தது, கைப்பையிலிருந்து மாலு பாண் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்ததுதான். உள்ளே வைத்திருந்த மீனும் கிழங்கும் கடதாசியில் கொட்டின. ஒரு பாதியை எனக்குத் தந்தார். மற்றப் பாதியை எனக்கு அடுத்திருந்த பெண்ணுக்கு நீட்டினார். அதற்குப் பிறகுதான் நான் யார் என்று கேட்டார்.

அவரை நாங்கள் நன்னடத்தை மிஸ் என்று அழைத்தோம். மாகாண சபையின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் உத்தியோகத்தர். கொட்டாஞ்சேனைக்காரர். ஐம்பதைத் தாண்டிய, கனத்த உடம்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் கதைக்கத் தொடங்கினால் மூச்சு வாங்கியதே இல்லை. தமிழிலிருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் அவர் போய்வருவதைப் பார்த்தால், ஒரே வீட்டின் அறைகளுக்குள் நடமாடுவதுபோல இருக்கும்.

அன்று எனக்குப் பதினைந்து வயது. வெளிநாட்டிலிருந்த மாமாவிடம் போவதற்காகப் பெரியம்மா என்னை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்திருந்தார். முதல்நாள் பின்னேரம்தான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும்; நாங்கள் பதிவதற்கு முன்னரே விடியற்காலைச் சுற்றிவளைப்பு வந்துவிட்டது. நகரத்தில் குண்டு வெடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. லொட்ஜிலிருந்த எல்லாரையும் லொறியில் ஏற்றினார்கள். மதியத்துக்குள் பெரும்பாலானவர்களை விட்டார்கள். அடையாள அட்டை இருந்ததால் பெரியம்மாவையும் விட்டார்கள். என்னை விடவில்லை. அட்டை எடுக்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வயதுக்கு மீறிய உயரம். அதைவிட, பெண் பொலிஸ் என்னைச் சோதித்தபோது தோளிலிருந்த தழும்பைக் கண்டுவிட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெல் விழுந்த அன்று துண்டு பட்ட காயம் அது. அவர்களுடைய கண்ணுக்கு அது ஆயுதப் பயிற்சி எடுத்த உடம்பின் அடையாளமாகத் தெரிந்தது.

பெரியம்மா வாசலில் நின்று குழறினார். “ஐயா, அவள் சின்னப்பிள்ளை, நேற்றுப் பின்னேரம்தான் வந்தனாங்கள்” என்று அவர் தமிழில் சொல்ல, காவலில் நின்றவர் சிங்களத்தில் போகச் சொன்னார். லொட்ஜ் முதலாளியின் மனைவிதான் பெரியம்மாவுக்கு வழி காட்டியவர். “பிள்ளைக்குப் பதினாறு ஆகல்லத்தானே? அப்ப லோயரிட்ட ஓடாம முதல்ல நன்னடத்தை மிஸ்ஸிட்டப் போங்க” என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

என் பெயர், ஊர், வயது, எந்தப் பாடசாலை என்பதை மிஸ் கேட்டுக்கொண்டார். பிறகு மற்றப் பெண்ணிடம் திரும்பினார். அவள் மலையகத்தில் பதுளைப் பக்கம். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரைப் பார்க்க லொட்ஜுக்கு வந்து அகப்பட்டுக்கொண்டவள்.

“உனக்கு எத்தின வயசு, மகள்?”

“பத்தொம்போது, மிஸ்.”

மிஸ் கையிலிருந்த பேனாவை மூடினார். அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. பதினாறுக்கு மேற்பட்டவர்கள் விடயத்தில் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

பின்னர் சட்டம் படித்தபோதுதான் முழுக்கணக்கும் எனக்குப் பிடிபட்டது. மாகாண சபைகளை உருவாக்கியபோது பொலிஸ், காணி அதிகாரங்களையும் அவற்றுக்கென்று எழுதிவைத்தார்கள். கையில் மட்டும் கொடுக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம், தடுப்புக்காவல், நீதிமன்றம், சிறை எல்லாம் மத்திய அரசோடேயே நின்றுவிட்டன. குற்றம், தண்டனை என்ற அந்தப் பெரிய கட்டடத்தில் மாகாணத்துக்கு உண்மையாகவே கிடைத்தது ஓர் ஓரத்து அறைதான்: நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும். அந்த அறையின் சாவி இந்த அம்மாவின் கையில் இருந்தது. யுத்தகாலத்தில் அதைத் திறந்து பார்க்க விரும்பியவர்கள் அதிகம் பேர் இல்லை.

பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால், யாரும் இருக்கச் சொல்லாமலே மிஸ் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அவர்கள் கதைத்தது சிங்களத்தில். எனக்கு அன்று சிங்களம் தெரியாது. ‘லமயா’ என்ற சொல் மட்டும் மிஸ்ஸின் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளை என்று அதற்குப் பொருள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் படித்த முதல் சிங்களச் சொல் அதுதான். அந்தப் பேச்சின் விபரத்தை மிஸ் பின்னாட்களில் எனக்குப் பலதடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. அந்தக் குண்டுவெடிப்பில் அவருடைய நிலையத்துக் கான்ஸ்டபிள் ஒருவர் செத்திருந்தார். நாட்கணக்காக நித்திரையில்லாத முகம். இது பயங்கரவாதச் சட்டத்தின் கீழான விடயம், இதற்கும் மாகாண சபைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டிருக்கிறார். “சட்டம் உங்கட. பிள்ளை எங்கட” என்று மிஸ் சொல்லியிருக்கிறார். பிள்ளையென்று யார் சொன்னது, ஆளைப் பாருங்கள், பதினெட்டுக்குக் குறையாது என்று அவர் சொல்ல, அதை நீங்களும் தீர்மானிக்க வேண்டாம், நானும் தீர்மானிக்க வேண்டாம், வைத்தியர் பார்க்கட்டும், அதற்கு முதலில் நீதவானிடம் கொண்டுபோங்கள் என்பது மிஸ்ஸின் பதில். மேலிடத்திலிருந்து தடுப்புக்காவல் உத்தரவு வந்துவிட்டால் நீதவானாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் அதிகாரி நேரத்தைக் கடத்தப் பார்த்தார், மிஸ் எழும்ப மறுத்தார்.

நடுவில் தொலைபேசி அடித்தது. மிஸ்ஸின் மேலதிகாரி. யார் சொல்லி அவர் எடுத்தார் என்று தெரியாது. உடனே கந்தோருக்குத் திரும்பச் சொல்கிறார் என்பது மிஸ்ஸின் முகத்திலேயே தெரிந்தது. அந்த மேலதிகாரி தமிழர் என்பதால் பதில் எனக்கும் விளங்கியது.

“சேர், பொலிஸ எங்களுக்குத் தரல்ல. காணியத் தரல்ல. பிள்ளைகள மட்டும் தந்தாங்க. தந்ததையும் நானே திருப்பிக் குடுக்கவா?”

ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ஓய்வூதியத்துக்கு அதிக காலம் இல்லாத ஒருவர், கணவரை இழந்தவர், அந்த வேலையை நம்பியே வீடு நடத்தியவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்ட விடயங்கள். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுஷி என்னை விட்டுவிட்டுப் போகமாட்டார்.

அதிகாரி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

நாங்கள் வெளியே வந்தபோது மலையகப் பெண் வாங்கிலேயே இருந்தாள். மிஸ் குனிந்து அவளுடைய காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். ஜீப் திரும்பும்வரை அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போதும் என்னால் நோகாமல் நினைக்க முடிவதில்லை.

நீதவான் தன் வீட்டு முன்விறாந்தையில் தேநீர்க் கோப்பையோடு எங்களை விசாரித்தார். மிஸ் பேசியது கொஞ்ச நேரம்தான். வயதை அறிய வைத்தியப் பரிசோதனை, அதுவரை மாகாணத்தின் சிறுமியர் இல்லத்தில் நன்னடத்தை உத்தியோகத்தரின் பொறுப்பு என்று உத்தரவு கிடைத்தது. இல்லத்தில் சில வாரம் இருந்தேன். மணிக்கட்டை எக்ஸ்ரே படமெடுத்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். பதினாறு ஆகவில்லை என்று வைத்தியர் அறிக்கை கொடுத்தார். நீதவான் என்னைப் பெரியம்மாவிடம் ஒப்படைத்தார்.

ஒருநாள் மிஸ்ஸிடம் கேட்டேன், தடுப்புக்காவல் உத்தரவு ஏன் வரவில்லை என்று. “கேட்டிருந்தா வந்திருக்கும். அந்த மனுசன் கேக்கல்ல” என்றார். “அவர் ஜன்னல் பக்கம் போய் நிண்டாரே, அந்த நேரத்தில என்ன யோசிச்சாரோ, அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.”

மாமாவிடம் போகும் விசா கிடைக்கவேயில்லை. வெள்ளவத்தையிலேயே தங்கினோம். மிஸ் மாதமொருமுறை மூச்சு வாங்கப் படியேறி வருவார். என்னைப் பாடசாலையில் சேர்த்தது அவர்தான். சட்டம் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்ன நாளில் பெரியம்மாவின் கோப்பியைக் குடித்தபடி, “படி. ஆனா பிள்ளைகள்ட கேஸுக்கு என்கிட்ட பீஸ் கேக்காத” என்று சிரித்தார். இன்று என் வருமானத்தில் பாதி பிள்ளைகளுடைய வழக்குகளால் வராமல் போகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் மிஸ் காலமானார். கொட்டாஞ்சேனையில் அவருடைய சிறிய வீட்டு முற்றம் கொள்ளாத கூட்டம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னையே பார்த்தாள். உடம்பு வைத்து, காதோரம் நரைத்திருந்தாலும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது: அன்று வாங்கில் இருந்த மலையகப் பெண். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் போய் நின்றோம். இரண்டு வருடத்துக்கு மேல் தடுத்து வைத்திருந்து, குற்றம் ஒன்றும் சுமத்தாமல் விட்டார்களாம். இப்போது ஒருகொடவத்தைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாளாம்.

கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தும் கேட்டேன். “மிஸ்ஸால உங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சுதே. பிறகும் வந்திருக்கிறீங்கள்?”

“யாரு சொன்னா?” என்றாள். “மாசாமாசம் என்னையப் பாக்க வந்தாங்க. சவுக்காரம், உடுப்பு, எங்கம்மா சொல்லி அனுப்புற சேதி, எல்லாம் அவங்கதான். லோயரும் அவங்க பிடிச்சதுதான். ஒருநாள் ஜெயில் ஐயா கேட்டாரு, மிஸ், இந்தப் பிள்ளைக்கு வயசு கூடிப்போச்சே, எந்த அதிகாரத்துல வாறீங்கன்னு.”

“அதுக்கு?”

“லீவு போட்டுட்டு வாறேன்னாங்க.”

அந்த மாதங்களிலெல்லாம் மிஸ் எங்கள் அறைக்கும் வந்துகொண்டுதான் இருந்தார். கோப்பி குடித்தார், என் கணக்குப் பாடத்தைப் பார்த்தார், பெரியம்மாவோடு ஊர்க்கதை கதைத்தார். இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மாகாணத்துக்கு இன்னும் என்னென்ன அதிகாரம் தர வேண்டும் என்று இன்றைக்கும் கூட்டம் போட்டுக் கதைக்கிறார்கள். நானும் போகிறேன், எழுந்து பேசுகிறேன், தர வேண்டும் என்றே சொல்கிறேன். பேசிவிட்டு, மாதத்தில் ஒரு நாள் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறைச்சாலைக்குப் போகிறேன். அங்கே எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.