அம்மாவை உட்கார வைக்கப் போனது

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். இன்று லீவு. ஒரு நாளாவது சும்மா உட்காரட்டும் என்று, கோலா கெத்தில் ஊர்ப் பக்கம் வெந்நீர்க் குளியலும் எண்ணெய் உருவலும் உள்ள சின்ன ஹோட்டலுக்கு அழைத்துப்போனேன்.

குளியலறைச் சுவரில் ஓர் அறிவிப்பு: 'தண்ணீரைச் சேமிக்கிறோம். துண்டுகளைத் தினமும் துவைப்பதில்லை.'

அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். "தொவைக்க ஆள் பத்தல போல. பாவம் லா."

நான் குளித்துவிட்டு வந்தபோது, அம்மா பின்கட்டில் குந்தி ஹோட்டல் துண்டுகளைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

எண்ணெய் தேய்த்துவிடும் மேரி அக்கா கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றார். "எத்தன தடவ கூப்பிட்டேன் தங்கச்சி. உங்கம்மா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. தண்ணிதான் வீணாகுது."

"வீணாகல. வாழைக்குத்தான் விட்டேன்" என்றார் அம்மா. பிறகு மேரி அக்காவைப் பார்த்து, "காலையிலேர்ந்து எத்தன பேருக்குத் தேய்ச்ச? கைய நீட்டு."

அக்கா என்னைப் பார்த்தார். நீட்டினார்.

அதே கிண்ணத்து எண்ணெயைத் தொட்டு, அம்மா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா சொன்னார்: "நல்லா இருந்துச்சு. அடுத்த லீவுக்கும் வருவோம்."

அம்மாவுக்கு யாரும் ஒரு துளி எண்ணெய்கூடத் தேய்த்துவிடவில்லை. நான் அவருக்கு என்ன கொடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. உங்கள் அம்மாக்களை எப்படி உட்கார வைக்கிறீர்கள்?