ஒரு மாத விலையை நம்பினேன்

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண் நான். என் அக்கா வீட்டுக்காரர் போனில் ஒரு பங்கின் ஒரு மாத விலை வரைபடத்தைக் காட்டினார். ஏறிக்கொண்டே போனது. போனஸ் முழுவதையும் போட்டேன். சீக்கிரமே பாதி கரைந்தது.

அந்த வாரம் கடையில் ஒரு அம்மா, "முந்தானையையே காட்டிக்கினு இருக்காதம்மா, முழுசா விரி" என்றார். விரித்த கை அப்படியே நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பங்கின் பத்து வருட விலையைத் திறந்தேன். மூன்று முறை இப்படியே ஏறி, மூன்று முறையும் சரிந்திருந்தது.

அக்கா வீட்டுக்காரர் அடுத்த பங்கின் ஒரு மாத வரைபடத்தோடு வந்தார்.

"பத்து வருஷத்தையும் காட்டுங்க மாமா."

"இன்னாமா, என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்குது. இந்த ஒரு மாசத்து மேலதான் இல்ல."

அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். முந்தானையை மட்டும் பார்த்து வாங்கியவள் நான்தான்; இனி யார் கோபத்துக்காகவும் பாதி விரித்ததோடு நிறுத்த மாட்டேன்.