பெரியம்மாவின் விரல்கள்

டிவியில் பெரியம்மா பேசிக்கொண்டிருந்தாள், கைகளால். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சின்ன வயதில் இருவரும் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான் அந்த வீட்டின் முதல் மொழி. மகளும் முதலில் பேசக் கற்றது அதில்தான். வாய்ப்பேச்சு அப்புறம்தான் வந்தது.

அம்மா சோபாவின் நுனிக்கு நகர்ந்தாள். பிறகு எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள். முகத்தைச் சுளித்தபடி திரும்பி, கையால் கேட்டாள்:

"இவ ஏன் வாய்க்குள்ளயே முனகுறா?"

முனகலுக்கு அம்மா வைத்திருந்த சைகை, விரல்களை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டு அசைப்பது. மகள் சிரித்துக்கொண்டே கிட்டே போய்ப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. பெரியம்மாவின் முகம் தெரிந்தது, பின்னால் ஜன்னல் தெரிந்தது. கைகள் வேகமாக அசைந்த இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக ஒரே கலங்கல். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு மாதிரி ஏதோ ஒன்று.

"படம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா, நாற்காலியை விட்டு எழாமலே.

"உங்களுக்கு முகம் தெரிஞ்சா போதும்ப்பா. அம்மாவுக்கு விரல் தெரியணும்."

"என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று அம்மாவின் கை குறுக்கே வந்தது.

அப்பா தன் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். "உங்க அக்காவுக்குத் தொண்டை கட்டிருச்சாம்."

அம்மா சோபாவிலிருந்த தலையணையை எடுத்து அவர் மேல் எறிந்தாள். ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை. டிவியில் ஓடிக்கொண்டிருந்த அந்த டிவிடி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தாள்.

ஒரு காலத்தில் அக்காவும் தங்கையும் வேலை பார்த்தது, ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில். மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தி, பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நிம்மதியாக வம்பு பேசுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். யார் யாருக்கோ கைப்பெயர் முளைத்தது. சூப்பர்வைசர் என்றால் மூக்கை உறிஞ்சிக் காட்ட வேண்டும். பாய்லர்காரர் என்றால் நெற்றி வேர்வையை வழித்து உதற வேண்டும்.

அந்தப் பாய்லர்காரர்தான் அப்பா. அவர் முதலில் கற்றுக்கொண்ட கைவார்த்தை "சூடு போதுமா?" என்பது. கேட்க வேண்டிய அவசியம் இருந்ததோ இல்லையோ, நாளுக்கு நாலு தரம் வந்து கேட்டார் என்பது பெரியம்மாவின் குற்றச்சாட்டு. அதுவும் தங்கையிடம் மட்டும்.

பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது தொலைவில். தொலைபேசியால் பிரயோஜனம் இல்லை. கடிதம் எழுதுகிற அளவுக்கு இருவரும் படிக்கவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் உண்டு. அப்படியே பல காலம் போனது. பிறகு, பெரியம்மாவின் மகன் வேலைக்குப் போய்ச் சின்னதாக ஒரு வீடியோ கேமரா வாங்கினான். பெரியம்மா அதன் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். மெமரி கார்டு தபாலில் வரும். மகள் அதைக் கணினியில் போட்டு வைத்துக்கொண்டு, இரவல் கேமராவில் அம்மாவின் பதிலை எடுத்து அதே கார்டைத் திருப்பி அனுப்புவாள். கார்டு வரும் நாளில் வீட்டில் யாரும் அம்மாவிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. கணினியைப் பார்த்தே கையை வீசி விவாதம் பண்ணிக்கொண்டிருப்பாள், அக்காவுக்குத் தெரியாது என்று தெரிந்தும்.

போன வருஷம் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கைபேசியில் வீடியோவில் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அண்ணி, அதாவது அந்த மகனின் மனைவி, புலம்பினாள்: "இடது கை நல்லாத்தான் இருக்கு. அதை வச்சுப் பேசுங்கன்னு டாக்டரும் சொல்றாரு. மாட்டேங்குறாங்க. தண்ணி வேணும்னாகூடத் தலையைத்தான் ஆட்டுறாங்க."

"அவளுக்கு வெக்கம்," என்றாள் அம்மா. "ஒத்தைக் கையால பேசினா திக்குற மாதிரி இருக்கும். அவ பேசின பேச்சையெல்லாம் அவளுக்கே போட்டுக் காட்டணும். சும்மா இருக்க மாட்டா."

அதற்காகத்தான் டிஸ்க். பெரியம்மா வீட்டில் கணினி கிடையாது. பெரிய டிவியும் பழைய டிவிடி பிளேயரும் உண்டு. மாற்றி மாற்றிப் போட அண்ணி சங்கடப்படுவாள், எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்கட்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மகள் அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். கம்ப்யூட்டர் படிப்பு. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வேலையையும் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தாள். கேமரா கோப்புகளின் பெயர் முடிவில், வகையைக் காட்ட ஒட்டியிருந்த வால் அவளுக்குப் பழக்கமில்லாதது. ஆகவே மாற்றத்தான் வேண்டும் போலும் என்று, 'எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் அடக்கு' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் சோதித்தும் பார்த்தாள்.

இப்போது அதை நினைத்தால்தான் உறுத்தியது. அவள் சோதித்தது சத்தத்தை. மின்விசிறி இரைச்சல், தெருவில் போகும் வண்டி, எங்கேயோ குழாயில் விழும் தண்ணீர், எல்லாம் தெளிவாகக் கேட்டன. சரி என்று விட்டுவிட்டாள். கைப்பேச்சில் பிறந்து வளர்ந்தவள், பெரியம்மாவின் படத்தைக் காதால் சரிபார்த்திருக்கிறாள். எப்போதிருந்து இப்படி ஆனாள்? ஹாஸ்டலுக்குப் போனபோதா, வேலைக்குச் சேர்ந்தபோதா? அம்மாவோடு பேசும்போதுகூடச் சமீபத்தில் சில வார்த்தைகளுக்குக் கை நின்று யோசிக்கிறது.

மறுபடியும் உட்கார்ந்து தேடிப் படித்தாள். விஷயம் சின்னதுதான். அந்தக் கேமரா எழுதிய கோப்புகள் ஏற்கெனவே டிவிடிக்கு உகந்த வகை. படத்தைத் தொடவே வேண்டாம். அப்படியே எடுத்து, பிளேயருக்குப் புரிகிற ஒழுங்கில் அடுக்கினால் போதும். அதை மட்டும் செய்கிற ஒரு சின்ன மென்பொருளும் இருந்தது. அண்ணன் பிற்பாடு கைபேசியில் எடுத்த சில துண்டுகள்தான் வேறு வகை. அவற்றை மட்டும், மூலத்திலிருந்து ஒரே தடவை, இடத்தில் கஞ்சத்தனம் பண்ணாமல் மாற்றினாள்.

"ஒரே டிஸ்க்ல வராதும்மா. நிறைய ஆகும்."

"முதல்ல மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது பிழிஞ்சு அடக்கினது. கேமராவே ஒரு தடவை பிழிஞ்சுதான் வச்சிருந்துச்சு. தெரியாம நான் மறுபடி பிழிஞ்சிட்டேன்."

அம்மாவின் கைகள் பாய்ந்து வந்தன. "துவைச்சு மடிச்ச துணியை எவளாவது திரும்ப மெஷின்ல போடுவாளா? எங்க மூக்குறிஞ்சி இருந்திருந்தா அன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பான்."

புது டிஸ்க்குகளில் ஒன்றைப் போட்டதும் அம்மா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெரியம்மாவின் சுண்டுவிரல் மடங்கி நிமிர்வது வரை தெரிந்தது. மகளுக்கு மறந்தே போயிருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்துகொண்டிருந்தன. அவள் விரல்கள் மடியிலேயே மெதுவாக அவற்றைச் செய்து பார்த்தன.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். வலது கையைத் துண்டால் மூடி, இடது கையை அதன் மேல் வைத்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கண் கலங்கியது, கை அசையவில்லை. அம்மா பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகள் முதல் டிஸ்க்கைப் போட்டாள்.

திரையில் அந்தக் காலத்துப் பெரியம்மா வந்தாள், கொழுத்த கன்னமும் துள்ளும் கையுமாக. நாற்காலியிலிருந்த பெரியம்மா அவளை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒரு படத்துண்டு ஓடி முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. அண்ணி கதவோரம் நின்று உதட்டைப் பிதுக்கினாள். அம்மாவின் தோள் தளர்ந்துபோனது.

அடுத்த படத்துண்டில் திரைப் பெரியம்மா கஞ்சித் தொட்டிக் கதையை ஆரம்பித்தாள். துணிக்குக் கஞ்சி போடும் தொட்டிக்குள் சூப்பர்வைசர் தலைகுப்புற விழுந்த கதை. அவர் விழுந்தது, எழுந்தது, மீசையிலிருந்து கஞ்சி சொட்டியது எல்லாம் வந்தது. முடிவில் அவள் கேமராவைப் பார்த்து விரலை நீட்டினாள்: "தள்ளினது நீதான்!"

அம்மா துள்ளி எழுந்தாள். திரையை விட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள்.

"பொய்! நீதானே தள்ளின? பழியை என் மேல போடுறியா?"

பெரியம்மாவின் இடது கை துண்டைவிட்டு மேலே வந்தது. காற்றில் தயங்கி நின்றது. பிறகு அம்மாவின் நெஞ்சை நோக்கிக் குத்தியது: "நீ."

"நானா? நான் அன்னைக்கு அந்தப் பக்கமே வரலை!"

பெரியம்மா மறுபடி கையைத் தூக்கினாள். தள்ளினாய் என்று சொல்ல இரண்டு உள்ளங்கையும் வேண்டும். தன் கையை ஒரு கணம் பார்த்தாள். சட்டென்று அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் இடது கையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டையும் பலமாக முன்னால் தள்ளினாள்.

அம்மா தன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் மட்டும் மறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று பதறினாள் அண்ணி. "சண்டை போடுறாங்களா?"

"ஆமா அண்ணி," என்றாள் மகள். "இப்போதைக்கு ஓயாது. நீங்க உட்காருங்க, நான் சொல்றேன்."